ஈசானிய மூலைப் பூண்டு

நோய் கண்ட வயலிலிருந்து விதையோ நாற்றோ கிழங்கோ பக்கத்து வயலுக்குக்கூடப் போகக் கூடாது. சந்தேகம் எழுந்த அன்றே மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரி கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஆய்வுக்கூடம் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் மேலதிகாரி தடை உத்தரவு போட வேண்டும். வேளாண் துறையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இருந்த விதி இது. நல்ல விதி. இதை எழுதியவர் வட்டவடைக்கு வந்ததில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

போன மாதம் அஞ்சனா போன் செய்தாள். வட்டவடை கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் அதிகாரி. பழைய கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாம். இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்று வந்திருக்கிறது. அதற்குத் தீனி போடத்தான் இந்தப் பழைய சரக்கு.

"மேடம், பூண்டு நோய்க்கான உங்க அறிக்கையில 'நோய் பரவிய வழி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. காத்து, தண்ணி, மண், பூச்சி, விதை, மற்றவை. நீங்க 'மற்றவை'ன்னு போட்டுட்டுப் பக்கத்துல ஒண்ணுமே எழுதலையே?"

"விதைன்னு போட்டா அடுத்த கட்டம் 'எந்தக் கடையில் வாங்கியது'ன்னு கேக்குமுங்க. கடையில வாங்குனது இல்லையே."

"அப்போ எங்க வாங்கினது?"

அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இது அந்த எழுத்து. அஞ்சனா, இதைச் செயலிக்குக் காட்டாதே, குழம்பிவிடும்.

நான் எலப்புள்ளிக்காரி. அப்பாவுக்கு நெல்வயலும் கொஞ்சம் தென்னையும் இருந்தன. ஒரு வருடம் நெல்லில் குலைநோய் விழுந்தபோது, காய்ந்த கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சார், இது என்ன நோவுங்க?" என்று வந்த அதிகாரியிடம் கேட்டார் அப்பா. அதிகாரி வரப்பைவிட்டு இறங்காமலே, "மருந்து அடிங்க" என்றார். எந்த மருந்து என்று சொல்லவில்லை. செருப்பில் சேறு படாத அந்த மனிதர்மேல் வந்த எரிச்சலில்தான் வேளாண் கல்லூரிக்குப் போனேன். அங்கே படித்ததில் உருப்படியானது ஒரே வரி: செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்காதே. மற்றதெல்லாம் பரீட்சைக்கு.

எங்கள் ஊரை அடுத்த சித்தூர்ப் பக்கத்தில் பல வருடம் தென்னைக்கும் நெல்லுக்கும் வைத்தியம் பார்த்தேன். பிறகு ஒரு பசுமைக்குடில் திறப்பு விழா பற்றிய அறிக்கையில், குடிலுக்குள் செடி எதுவும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். உடனே வட்டவடைக்கு மாற்றம் வந்தது. தண்டனை என்று நினைத்து அனுப்பினார்கள். மூணாறிலிருந்து ஜீப்பில் போய் இறங்கிய முதல் நாள் காலையில், மூடுபனி விலகி, படிப்படியாகக் கேரட்டும் முட்டைக்கோசும் பூண்டும் நிற்கிற சரிவுகளைப் பார்த்தபோதே, துறை ஆள் தெரியாமல் எனக்குச் சலுகை கொடுத்துவிட்டது என்று புரிந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை திரும்ப மாற்றம் கேட்டு மனு போடுவேன். போடாவிட்டால் சந்தேகப்படுவார்கள்.

என் மேலதிகாரி வர்க்கி சார். உதவி இயக்குநர். மலைக்குக் கீழே அவர் அலுவலகம். தமிழ் பேசினாலும் பாதி மலையாளமாக இருக்கும். பெரிய மீசை, வாயில் எந்நேரமும் ஓர் ஏலக்காய். எந்தக் கோப்பு போனாலும் பச்சை மையில் 'விவாதிக்கவும்' என்று எழுதித் திருப்புவார். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பேப்பர் வரட்டே, மேடம்" என்பார். பேப்பர் இல்லாமல் ஒரு பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். அறிக்கையை வரிக்கு வரி விரல் வைத்துச் சத்தமாகப் படிப்பார். எங்கேயாவது சொல் தெளிவாக இல்லையென்றால் விரல் அங்கேயே நின்றுவிடும்.

"'சில வயல்களில்'னு எழுதியிருக்கு. சில என்னு வெச்சா எத்தற?"

"நாலஞ்சு இருக்குமுங்க, சார்."

"நாலோ? அஞ்சோ?"

மலைப்பாதை வளைவுகளுக்கு அவர் பயந்தவர். அதனால் வட்டவடைக்கு ஆய்வுக்கு வருவது அபூர்வம். வந்தால் ஜீப்பின் முன்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தபடியே வந்து, இறங்கியதும் முதல் கேள்வியாக, "தேயிலத் தோட்டம் எல்லாம் நல்லா இருந்ததோ?" என்று என்னிடம் கேட்பார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணை சுகாதார நிலையம். அங்கே நர்ஸ் செல்வராணி. சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். மனிதர்களுக்கு அவள், செடிகளுக்கு நான் என்று பேச்சு. மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மருந்து அடித்துவிட்டுத் தலைசுற்றல், வாந்தி என்று யார் வந்தாலும் பாட்டிலோடுதான் வர வேண்டும். கண்ணை அவள் பார்ப்பாள், லேபிளை நான் பார்ப்பேன். எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு. அதனால் நன்றாக நடந்தது.

கந்தவேல் அப்படித்தான் வந்தார். சொல்லப்போனால், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. செல்வராணி டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவச் சொல்லி, ஜீப்புக்கு ஆள் அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, எத்தன பாட்டிலக் கலந்தீக?"

"மூணும்மா."

"எதுக்கு மூணு?"

"மொத மருந்துக்குக் கேக்கல. ரெண்டாவது ஊத்துனேன். அதுக்கும் கேக்கல..."

"மூணுக்கும் கேக்கலன்னதும் நாலாவதா எங்கிட்ட வந்தீகளாக்கும்."

அந்த நிலையிலும் மனிதர் சிரித்தார். மூன்று லேபிளிலும் இருந்ததைச் செல்வராணியின் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தேன். அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. கந்தவேல் பிழைத்து வந்தார்.

ஆனால் அவருக்குக் கேட்காமல் போனது எது? மறுநாள் அவர் வயலுக்குப் போனேன். பூண்டு இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று தோன்றும். பிடித்து இழுத்தேன். நோயில்லாத பூண்டு கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் வரும். இது வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்தது. அடியில் வேர் இல்லை. வெள்ளைப் பஞ்சு சுற்றியிருந்தது. பஞ்சுக்குள் கசகசா போலக் கறுப்பு மணிகள்.

புத்தகத்தில் அதற்கு வெள்ளை அழுகல் என்று பெயர். பஞ்சாகத் தெரிவது பூஞ்சணம். கறுப்பு மணிகள்தான் அதன் விதை மாதிரி. பூண்டும் வெங்காயமும் இல்லாவிட்டால் மண்ணில் சும்மா தூங்கும். வருடக்கணக்கில் தூங்கும், ஓர் அதிகாரியின் பதவிக்காலத்தைப் போல எத்தனையோ மடங்கு. மறுபடி பூண்டு வேரின் வாசனை பட்டால் எழுந்துகொள்ளும். ஒருமுறை வயலில் இறங்கிவிட்டால் அந்தத் தலைமுறைக்கு அந்த வயலில் பூண்டு இல்லை. இதற்கு மருந்தும் கிடையாது. கந்தவேல் மூன்று பாட்டிலை ஊற்றியது தூங்குகிறவன் காதில் கத்தியது மாதிரிதான். கத்தினவனுக்குத்தான் தொண்டை போனது.

மாதிரி எடுப்பதில் நான் கொஞ்சம் கறார். செடியை மண்ணோடு தோண்ட வேண்டும், கழுவக் கூடாது. செத்த செடி உதவாது. சாகிற செடியும், பக்கத்திலேயே நன்றாக இருக்கிற ஒரு செடியும் வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகி, வழியிலேயே வேறு நோய் வந்துவிடும். அதனால் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுத வேண்டும். ஈரத்தில் பேனா மை ஓடும். எல்லாம் முறைப்படி செய்து அன்றைக்கே அனுப்பினேன். அடுத்த வாரமே பதிலுக்குக் காத்திருந்தேன் என்று சொன்னால் என் அனுபவத்துக்கு அவமானம். ஆனாலும் காத்திருந்தேன்.

அதற்குள் மற்ற வயல்களைச் சுற்றினேன். பல வயலில் பஞ்சு. என்னைக் குழப்பியது வேறொன்று. மண்ணில் வரும் நோய் தண்ணீரோடு போகும். சரிவின் அடியில், ஈரம் தேங்குகிற இடத்தில்தான் முதலில் தலைகாட்ட வேண்டும். இங்கே எல்லா வயலிலும் வடகிழக்கு மூலையில் தொடங்கியிருந்தது. ஈசானிய மூலையில். வயல் எந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் சரி, அதே மூலை. வாஸ்து பார்த்து வருகிற பூஞ்சணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் செல்வராணியிடம் புலம்பினேன்.

"மேடம், நீங்க செடியவே கேட்டுக்கிட்டுத் திரியுறீக. அது பேசுமா? ஆளக் கேளுங்க" என்றாள். "கொரோனாவுல நான் என்ன செஞ்சேன்? காய்ச்சலப் பத்தியா கேட்டேன்? யார் வீட்டுக்குப் போனீக, யார் வந்தாக, என்ன கொண்டாந்தாகன்னுதான் கேட்டேன்."

அன்று சாயங்காலமே ஒரு வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் அந்த மூலையைக் காட்டி, "ஏனுங்க, இங்க மட்டும் என்ன விதை போட்டீங்க?" என்று கேட்டேன். என்னுடைய 'ஏனுங்க' அந்த ஊரில் ஒரு வேடிக்கை. சிரித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அது நாங் கட்டிக்கிட்டு வந்தப்ப ஊண்டுன மூலைல்ல மேடம்."

வட்டவடையில் பெண் கொடுக்கும் வீட்டார் சீரோடு ஒரு மூட்டை விதைப்பூண்டு கொடுப்பார்கள். தங்கள் வயலில் விளைந்ததில் பெரிய பூண்டாகப் பொறுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் வைத்துக் காப்பாற்றிய விதை. கல்யாணம் முடிந்து வரும் முதல் நடவில், புதுப்பெண் தன் கையால் அதைப் புருஷன் வீட்டு வயலின் ஈசானிய மூலையில் ஊன்ற வேண்டும். மிச்சத்தை மற்றவர்கள் அந்த மூலையை ஒட்டியே நடுவார்கள். தாய்வீட்டு விதை பிடித்துவிட்டால் பெண்ணும் அந்த வீட்டில் பிடித்துவிடுவாள் என்று நம்பிக்கை. பூண்டு பிடித்ததோ இல்லையோ, பூஞ்சணம் நன்றாகப் பிடித்திருந்தது.

யார் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பது செல்வராணிக்கு மனப்பாடம். அத்தனை பிரசவமும் அவள் பார்த்தது. சாப்பாட்டு மேசையில் பட்டாணியை வரிசை வைத்து, இந்த வீட்டுப் பெண் இங்கே, இவள் நாத்தனார் அங்கே என்று நகர்த்திக் காட்டினாள். என் நோய் வயல்கள் எல்லாம் அந்தப் பட்டாணிப் பாதையில் இருந்தன. அஞ்சனா, 'மற்றவை' என்பது இதுதான். கல்யாணம். அந்தக் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

"முதல் மூட்டை எந்த வீட்டுதுன்னு பார்த்தரலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். மொத ஆளக் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறோம்? ஊரே சேந்து அவுகளத் திட்டும். நோய் போயிருமா?" என்று பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக அவள் எடுத்த பட்டாணி கந்தவேல் வீடு. அவர் மகள் ரம்யாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறவன். அவன் அம்மா ராசாத்தி கிழக்குச் சரிவில் பூண்டு போடுகிறவர். மூத்த மகன்கள் யாரும் உள்ளூரில் பெண் எடுக்காததால் பஞ்சு எட்டிப் பார்க்காத வயல் அது. ஊரில் சுத்தமாக மிஞ்சியிருந்த பூண்டு நிலம் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். கந்தவேல் வீட்டுப் பரணில் சீர்மூட்டை தயாராக இருந்தது. ரம்யாவின் கையால் அது ராசாத்தி வயலின் ஈசானிய மூலையில் இறங்கினால், வட்டவடையில் நல்ல விதைக்கு இடமே இருக்காது.

கந்தவேலிடம் போய்ச் சொன்னேன். மூட்டையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து என் கையில் வைத்தார். கல்லு மாதிரி இருந்தது.

"இதுல என்ன நோவு தெரியுது? சொல்லுங்க."

"பார்த்தா தெரியாதுங்க. அடித்தட்டுல ஒட்டிட்டு இருக்கும். வேணும்னா கடையில நல்ல விதை வாங்கிக் குடுத்தரலாமுங்க."

"கடப் பூண்டா? தாய் வீட்டுச் சீரக் கடையில வாங்கிட்டுப் போனா எம்மக மூஞ்சிய அங்க எப்பிடிக் காட்டுவா? நோவு வந்த வீடுன்னு பேராகாதா? அந்தம்மா காதுல இது விழுந்துச்சுன்னா கல்யாணமே நிக்கும், மேடம். நீங்க எனக்கு உசுரக் காப்பாத்திக் குடுத்தவுக. இதச் செஞ்சிராதீக."

கதவோரம் நின்று ரம்யா கேட்டுக்கொண்டிருந்தாள். ராசாத்தியிடம் சொன்னால் வயல் பிழைக்கும், கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும், வயல் போகும். தடை உத்தரவு எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அதிகாரம் காட்டுவதற்கு இல்லை. பழியை ஏற்க ஒருவர் வேண்டும். கந்தவேல் கொடுக்கவில்லை என்றால் கந்தவேலுக்குக் கேவலம். அரசாங்கம் கொடுக்கவிடவில்லை என்றால் யாருக்கும் கேவலமில்லை; எல்லோரும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொள்ளலாம். அதற்குத்தானே அது இருக்கிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். வர்க்கி சாருக்குக் கோப்பு போட்டேன். 'விவாதிக்கவும்' என்று திரும்பி வந்தது. போன் செய்தேன்.

"சார், விவாதிக்கலாமுங்க. ஆனா வயல்ல வெச்சுத்தான் விவாதிக்கணும்."

அந்தப் பக்கம் ஏலக்காயைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அத்தன வளவும் சுத்தி வரணுமோ?"

"வரணுமுங்க, சார்."

வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, வழக்கமான தேயிலைக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. நேராக வயலுக்கு வந்து, பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒரு செடியைத் தானே பிடுங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பஞ்சுக்குள் இருந்த கறுப்பு மணிகளின் கீழே, அறிக்கையின் வரியைப் படிப்பது மாதிரியே, விரலை வைத்து நகர்த்தினார். என் அப்பாவின் வயலுக்கு வந்த அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். அவருக்குப் பதிலாக இந்த மனிதர் வந்திருக்கலாம். நான் வேளாண் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

"மேடம், உத்தரவுல என்ன எழுதணும்? 'பூண்டு கொடுக்கக் கூடாது'ன்னா? கறிக்கும் பூண்டுதானே? கல்யாண ஊட்டுக்கு ரசம் வெக்க ஒருத்தர் பூண்டு கொடுத்தா அதும் குத்தமோ?"

"விதைப்பூண்டு கொடுக்கக் கூடாதுங்க."

"விதைக்கும் கறிக்கும் என்ன வித்தியாசம்? பாத்தா எப்பிடித் தெரியும்?"

விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பல வருடமாக என்னை எரிச்சல்படுத்திய விரல். நான் கையிலிருந்த பூண்டைப் பார்த்தேன்.

"தோலுங்க, சார். ஊன்றணும்னா தோலோட இருக்கணும். தோலை உரிச்சு, அடித்தட்டையும் சீவிட்டா அது கறிக்கு மட்டும்தான். ஊன்றினா முளைக்கறதுக்கு முன்னாடி அழுகிரும்."

"அப்போ அது எழுதலாம்" என்றார் வர்க்கி சார். பிறகு, "பேப்பர் வரட்டே" என்று சொல்லப்போனவர், பாதியிலேயே நிறுத்திவிட்டு ராசாத்தியின் கிழக்குச் சரிவைப் பார்த்தார்.

அன்று மாலை ஊர்மந்தையில் எல்லோரையும் கூட்டினோம். நான் நோயைப் பற்றி விளக்கினேன். எந்த வீட்டுப் பெயரையும் எடுக்கவில்லை. அதன்பின் வர்க்கி சார் எழுந்தார். பேப்பர் இல்லாமல் பேனா திறக்காத மனிதர், வெறுங்கையோடு நின்று சொன்னார்:

"அரசாங்க உத்தரவு. இனி வட்டவடையில தோல் உரிக்காத பூண்டு ஒரு ஊட்டிலிருந்து இன்னொரு ஊட்டுக்குப் போகக் கூடாது. கல்யாணத்துக்கும் கூடாது. யாரும் என்னெக் கேக்கண்டா."

கூட்டம் கொதித்துவிட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியவர் கந்தவேல். "எம்மகளுக்கு நான் சீர் குடுக்க இவுகளக் கேக்கணுமா? என்ன அரசாங்கம் இது!" முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ராசாத்தி மட்டும் சந்தேகப் பேர்வழி. எழுந்து நின்று, "சார், உத்தரவுன்னா தாளு இருக்கணும்ல? எங்க தாளு?" என்றார்.

"வருது."

"எங்கன வருது?"

"வழியிலுண்டு" என்றார் வர்க்கி சார். ஏலக்காயை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், இருமல் வந்தது.

கூட்டம் கலைந்தபோது ரம்யா என்னிடம் வந்தாள்.

"மேடம், உரிச்ச பூண்டுன்னா நான் எத ஊண்டுவேன்? வெறும் மூலையவா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

அந்தக் கேள்வி எங்கள் உத்தரவில் இல்லை. ராசாத்தி வீட்டுப் பூண்டையே ஊன்றலாமே என்றேன். "அது அவுக பூண்டு" என்றாள். பிறகு, "பீன்ஸுக்கு இந்தப் பஞ்சு வருமா?" என்று கேட்டாள்.

"வராது. பூண்டு, வெங்காய வகைக்கு மட்டும்தான் வரும்."

"எங்க வீட்டுப் பந்தல்ல பீன்ஸ் நெத்து காஞ்சு கெடக்கு. அதக் கொண்டு போறேன்."

"அதுல உங்க வயல் மண்ணு ஒட்டாம கழுவிக் காயவெச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"நெத்து பந்தல்லதான தொங்குது மேடம். மண்ணு ஏது? சரி, உங்களுக்காகக் கழுவுறேன்."

கல்யாணத்துக்கு முதல் நாள் கந்தவேல் வீட்டில் சீர்மூட்டைப் பூண்டு முழுவதையும் உரித்தார்கள். இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ராசாத்தியும் வந்தார், உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். செல்வராணி வேலை முடித்து வந்து கத்தியை எடுத்துக்கொண்டு, "ஊசி போட்ட கை, சும்மா இருக்காது" என்று அடித்தட்டைச் சீவினாள். கண்ணெரிச்சல், விரல் எரிச்சல், சிரிப்பு.

"பொண்ணுக்கு மருதாணி வாசமே வராது போல" என்றாள் ஒருத்தி.

"மாப்பிள்ளைக்கு வாயுத் தொல்லை வராது, அத நினைச்சுக்க" என்றாள் இன்னொருத்தி.

ராசாத்தி தலை நிமிராமல், "எம்மகன எதுக்கு இழுக்குறீக? உரிங்கடி" என்றார்.

தோலையும் சீவிய அடித்தட்டையும் ஒன்றுகூடச் சிந்தாமல் கூட்டி, கல்யாண அண்டாவில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தோம். இது மட்டும் என் பிடிவாதம். கசகசா அளவு மணி ஒன்று தப்பினாலும் போதும். சமையல்காரர் என்னைப் பார்த்த பார்வையில், கவர்மென்ட் சம்பளத்தில் இப்படியும் ஒரு வேலையா என்ற கேள்வி இருந்தது. சாக்குக்குப் பதில் பித்தளைக் குடத்தில் வெள்ளை வெளேரென்று பூண்டுப் பற்கள், மேலே ஒரு ரோஜாப்பூ. மேளத்தோடு போனபோது மூட்டையைவிட அது அழகாகத்தான் இருந்தது. விருந்தில் பூண்டுக் குழம்பு. வர்க்கி சார் வரவில்லை. வளைவுகள். ஆனால் மொய்க் கவர் அனுப்பியிருந்தார். மேலே பச்சை மையில் 'வாழ்த்துகள்'.

நடவு வந்தபோது ராசாத்தி வயலின் ஈசானிய மூலையில் ரம்யா பீன்ஸ் விதையை ஊன்றினாள். சுற்றிலும் ராசாத்தியின் பூண்டு நடப்பட்டது. ஒவ்வொரு மாதமும் போய், வரிசையில் இங்கொன்றும் அங்கொன்றும் பிடுங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முரண்டு பிடித்துத்தான் வந்தது. நோய் வந்த வயல்களில் பூண்டை நிறுத்தி, கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறச் சொன்னேன். கந்தவேல் கேரட் போட்டார். மருந்து பாட்டில்களை மூன்றாகக் கலப்பதை விட்டுவிட்டார் என்று சொன்னார். இரண்டாகக் கலக்கிறார் என்று செல்வராணிக்குச் சந்தேகம்.

வர்க்கி சாருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இல்லாத உத்தரவை இருப்பதாகச் சொன்ன மனிதர். மாதம் தவறாமல் போன் வரும். வணக்கம்கூட இல்லை.

"வந்தோ, மேடம்?"

"வரலீங்க, சார்."

பேப்பர் வந்தால் தேதியை முன்னாடி போட்டுக் கொடுப்பார்களா என்று ஒருமுறை கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியா என்று நான் பதறிப்போனேன். உடனே, "வேண்டா, வேண்டா, சும்மா கேட்டதா" என்றார். அடுத்த மே மாதம் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் எல்லோரும் அவருடைய நேர்மையைப் புகழ்ந்து பேசினார்கள். அவர் என்னைப் பார்க்காமல் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் போன் வந்தது. "வந்தோ?"

இதற்கிடையில் ஊரில் கல்யாணங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் பித்தளைக் குடத்தில் உரித்த பூண்டு போனது. ஒவ்வொரு புதுப்பெண்ணும் ஈசானிய மூலையில் பீன்ஸ் ஊன்றினாள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. உத்தரவுத் தாளையும் யாரும் கேட்கவில்லை, ராசாத்தி உட்பட. நல்ல விதை வேண்டும் என்றவர்கள் அவர் வயலிலிருந்துதான் வாங்கினார்கள். அந்த விதை போவதை நான் தடுக்கவில்லை. உத்தரவுக்கு விரோதம்தான், ஆனால் இல்லாத உத்தரவை மீறினால் என்ன தண்டனை என்று விதியில் சொல்லவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி எங்களுக்கு உழவர் நாள். நான் வேலையில் இருந்த கடைசி உழவர் நாள் விழாவில் ராசாத்திக்குத்தான் பொன்னாடை. மாவட்டத்திலிருந்து ஒரு புது அதிகாரி வந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் குடத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த உரித்த பூண்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கந்தவேல் முந்திக்கொண்டார்.

"கல்யாணச் சீருங்க சார். எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்தே உரிச்ச பூண்டு குடுக்குறதுதான் வழக்கம். மூலையில பீன்ஸ் ஊண்டுவோம்."

"அருமை. இதையெல்லாம் பதிவு செய்யணும்" என்றார் அதிகாரி.

ராசாத்தி என்னைப் பார்த்தார். செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அப்போதுதான் தபால்காரர் படியேறி வந்து, விழா நடக்கிறதென்று பாராமல், பழுப்பு உறை ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கந்தவேல் வயல் மாதிரிக்கு ஆய்வுக்கூடத்தின் பதில். மாதிரியில் வெள்ளை அழுகல் நோய் இருப்பது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. நோய் கண்ட பகுதியிலிருந்து விதைப்பூண்டு வெளியே போவதை உடனடியாகத் தடுக்க வேண்டும். 'உடனடியாக' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு.

மேடைக்குப் பின்னால் போய் வர்க்கி சாருக்குப் போன் செய்தேன். இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"வந்துருச்சுங்க, சார்."

"தடுக்கணும்னுதானே எழுதியிருக்கு?" என்றார்.

"தடுக்கணும்னுதானுங்க."

"அப்போ ஞான் அன்னைக்குச் சொன்னது பொய்யில்ல, மேடம். அட்வான்ஸாச் சொன்னது." பிறகு பழைய வர்க்கி சார் திரும்பி வந்தார். "பேப்பர் கிடைச்ச தேதிய மேல எழுதி ஒப்பு வையுங்க. மறக்கண்டா."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன், அவருக்காகப் பச்சை மையில். கிடைத்த தேதி: ஆவணி ஒன்று.